பதினேழாம் எண் பயனாளியின் தூக்கம்

மாயக்காளுக்குத் தீட்டு நின்ற வருசமே தூக்கமும் நின்றுபோயிற்று. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பஸ்சில் ஏறிப் போன மாதிரி இருந்தது. தீட்டு போனதில் அவளுக்கு வருத்தமில்லை. தூக்கம் போனதுதான் தாங்கவில்லை. ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தால் போதும், நெஞ்சுக்குழியில் ஒரு சூடு கிளம்பும். கழுத்து, கன்னம், காது மடல் என்று ஏறி உச்சந்தலையில் போய் நிற்கும். ஜாக்கெட் நனைந்துவிடும். மார்கழிப் பனியில் சிலமலை ஊரே போர்த்திக்கொண்டு கிடக்கையில் அவள் மட்டும் முந்தானையால் விசிறிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்தில் அவள் புருசன் திருப்பதி படுத்திருப்பார். எட்டரைக்குப் படுத்தால் காலை ஐந்தரைக்குத்தான் எழுவார். சோளக்காட்டுக்கு யானை வந்துவிட்டது என்று ஊரே தகரம் தட்டிய அன்றைக்கும் அவர் புரண்டு படுக்கவில்லை. குறட்டை மட்டும் உண்டு. லோடு ஏற்றிய ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றுகிற சத்தம். மகன் திருப்பூரில் வேலையாய் இருந்தான். ஆக அந்த வீட்டில் இரண்டே பேர். ஒருவர் இரண்டு பேர் தூக்கத்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்.

காலை ஆறு மணிக்கு ராமரின் ஜீப்பு வரும். பதினாலு பொம்பளைகளை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்து ஏலத் தோட்டத்தில் இறக்கிவிடும். நாள் முழுக்கச் சரிவில் குந்தி உட்கார்ந்து, செடியின் தூரில் படர்ந்த சரத்திலிருந்து ஏலக்காய் எடுக்கிற சோலி. மாயக்காள் அங்கே அப்படியே உட்கார்ந்த வாக்கில் கண்ணயர்வாள். கங்காணி இரண்டு தரம் பார்த்துவிட்டார்.

"சரிவுல உருண்டு போனா யாரு பதில் சொல்றது? இன்னொரு வாட்டி பாத்தேன், ஜீப்புல ஏறாத," என்றார். கெட்ட மனுசர் இல்லை. அவருக்கும் மேலே ஒருத்தர் இருந்தார்.

இந்த நிலைமையில்தான் போடியில் அகவிழி உறக்கவியல் உயராய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஏலக்காய் குடோனாக இருந்த கட்டடத்துக்கு வெள்ளையடித்து, குளிர்சாதனம் மாட்டி, வாசலில் கண்மூடிய ஒரு முகத்தைப் பலகையில் வரைந்து வைத்தார்கள். நிறுவனத்தின் ஆட்கள் ஜீப்பு நிற்கிற இடத்துக்கே வந்து ஒலிபெருக்கியில் கேட்டார்கள். ஐம்பதிலிருந்து அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த, தூக்கம் வராத மகளிர் யாராவது உண்டா? ராமரின் ஜீப்பிலேயே ஒன்பது பேர் கையைத் தூக்கினார்கள். மற்ற ஐந்து பேருக்கு வயசு பத்தவில்லை.

எட்டு வாரத் திட்டம். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. மதியம் சாப்பாடு உண்டு.

முதல் ஞாயிறு இயக்குநர் முனைவர் யோகராஜ் வரவேற்றுப் பேசினார். மெலிந்த மனிதர். கண்ணுக்குக் கீழே இரண்டு கருப்புப் பைகள்.

"தாய்மார்களே, உறக்கம் என்பது மனித உரிமை. இந்தத் திட்டத்துக்காக மூன்று வருடமாக நான் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. என் உதவியாளர்கள் அதுகூடத் தூங்குவதில்லை. உறக்கத்துக்காக நாங்கள் எதையும் தியாகம் செய்வோம்."

உதவியாளர்கள் கை தட்டினார்கள். ஒருவர் தட்டும்போதே கொட்டாவி விட்டார்.

பிறகு ஆளுக்கொரு ஒட்டிய உறை கொடுத்தார்கள். மாயக்காளின் உறைக்குள் 'தியானக் குழு, பயனாளி எண் 17' என்றிருந்தது. அவளோடு ஜீப்பில் வருகிற ஜக்கம்மாளின் உறையில் 'ஒப்பீட்டுக் குழு' என்றிருந்தது.

"ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன செய்வீங்க சார்?" என்று ஜக்கம்மாள் கேட்டாள்.

"ஒன்றும் செய்ய மாட்டோம் அம்மா. ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். மிக முக்கியமான பொறுப்பு அது."

ஜக்கம்மாளின் குழுவைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப் போனார்கள். மாயக்காளின் குழு முன்கூடத்தில் உட்கார்ந்தது.

தியானம் சொல்லிக் கொடுக்க வந்தவள் சுசித்ரா. இருபத்தாறு வயசு. கோயம்புத்தூரில் படித்தவள். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற குரல். ஆளுக்கொரு ஏலக்காயை உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மா, இதை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பாருங்கள். இது என்னவென்றே உங்களுக்குத் தெரியாது. வேறொரு கிரகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்."

இருபத்தெட்டு வருசமாக ஏலக்காய் எடுக்கிற மாயக்காள் வேறு கிரகத்துக்குப் போக மனதார முயன்றாள். முடியவில்லை. கை தானாகக் காயை உருட்டியது. மூக்கு தானாகக் கிட்டே போனது.

"என்ன தோன்றுகிறது பதினேழு?"

"டீச்சரம்மா, இது போன வருசத்துக் காய். பச்சைச் சாயம் ஏத்திருக்காங்க. உள்ள அரி, அதான் வெத, பாதிதான் இருக்கு. என்ன வெலைக்கு வாங்குனீங்க?"

"தீர்ப்பிடாமல் பாருங்கள் அம்மா."

"நான் எங்க தாயி தீர்ப்புச் சொன்னேன்? ஏமாந்துட்டீங்கன்னுதான் சொன்னேன்."

மற்ற பத்தொன்பது பொம்பளைகளும் ஆளுக்காள் காயை உரித்து மோந்து பார்த்து மாயக்காள் சொன்னது சரிதான் என்றார்கள். சுசித்ரா தன் கையிலிருந்த காயை உரித்துப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டில், 'வியப்புணர்வு இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்தது உடல் உணர்தல். எல்லாரும் பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். இடது கால் பெருவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு உறுப்பாக நினைக்க வேண்டும். குளிர்சாதனம் மெல்ல ஓடியது. திரையை இழுத்து விட்டிருந்தார்கள். 'தண்ணி கொண்டா' என்று கேட்க அங்கே ஆளில்லை. மாயக்காள் பெருவிரலை நினைத்தாள். கணுக்காலை நினைத்தாள். முழங்கால் வரும்போது சுசித்ராவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. தொடைக்கு அவள் போய்ச் சேரவே இல்லை.

மணியடித்துதான் எழுப்பினார்கள். கூடத்தில் பதினாறு பேர் தூங்கிப்போயிருந்தார்கள். நாலு வருசத்தில் மாயக்காள் இப்படித் தூங்கியதில்லை. வாயோரம் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. மருந்து வேல செய்யுது," என்றாள்.

சுசித்ராவின் முகம் வாடிப்போயிற்று. "அம்மா, இது தூங்குகிற இடம் இல்லை. இது விழிப்பு நிலை. நீங்கள் விழிப்போடு இருக்க வேண்டும்."

"அதுக்கா வந்தோம்? அது எங்க வீட்லயே இருக்கே."

செவ்வாய்க்கிழமை மாயக்காள் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. திருப்பதி எழுத்துக்கூட்டி வாசித்தார். 'தாங்கள் கடந்த ஞாயிறன்று முற்பகல் 10.20 முதல் 10.55 வரை நிறுவன வளாகத்தில் முன் அனுமதியின்றி உறங்கியது கவனத்துக்கு வந்துள்ளது. இதற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் அளிக்கவும்.'

"என்ன புள்ள, போன எடத்துல மானத்த வாங்கிட்ட?" என்றார் திருப்பதி.

மாயக்காள் சொல்லச் சொல்ல அவரே விளக்கம் எழுதினார். 'தூக்கம் வந்தது. தூங்கினேன். இப்படிக்கு மாயக்காள்.'

அந்த விளக்கம் ஏற்கப்படவில்லை. அடுத்த ஞாயிறு யோகராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அன்பாகவே பேசினார்.

"அம்மா, உங்களுக்குத் தூக்கம் வராது என்று நம்பித்தான் சேர்த்துக்கொண்டோம். படிவத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இங்கே வந்து தூங்கினால் நாங்கள் யாரை நம்புவது? உங்கள் வீட்டுத் தூக்கமின்மைதான் எங்கள் ஆய்வுப் பொருள். அதை நீங்கள் வெளியிடங்களில் வீணாக்கக் கூடாது."

அன்று திரும்பி வருகையில் ஜக்கம்மாள் பளிச்சென்று இருந்தாள். "மதினி, எங்கள அந்தப் பின்கட்டு ரூம்புல விட்டுட்டு வெளிய பூட்டிட்டாங்க. பாய் கெடக்கு, ஃபேன் ஓடுது. ஒரு ஆளு உள்ள வரல. ஒம்போது மணியிலருந்து சோத்துக்குத்தான் முழிச்சேன்."

"உங்களுக்குத் தபால் வரலயா?"

"எங்களத்தான் ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்காம்ல."

மாயக்காள் அடுத்த வாரமே யோகராஜிடம் போய்த் தன்னை ஒப்பீட்டுக் குழுவுக்கு மாற்றிவிடச் சொன்னாள். அவர் பதறிவிட்டார். "உறையில் வந்ததை மாற்ற எனக்கே அதிகாரம் இல்லை அம்மா!" என்றார். எதற்காக மாறக் கேட்கிறாள் என்று விசாரித்ததில் பின்கட்டு விசயம் வெளியே வந்தது. ஒப்பீட்டுக் குழு தூங்கினால் ஒப்பீடு கெடும் என்று அன்றே பாய்களை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலிகளைப் போட்டார்கள். நிறுவனத்தின் வரலாற்றை வாசித்துக் காட்ட ஓர் உதவியாளரையும் நியமித்தார்கள். அவர் மூன்றாம் பக்கத்தில் தானே தூங்கிவிட்டார். ஜக்கம்மாள் மாயக்காளிடம் ரெண்டு வாரம் பேசவில்லை.

மூன்றாம் வாரம் தியானக் குழுவுக்குக் கைக்கடிகாரம் வந்தது. ரப்பர் பட்டை, கறுப்பு முகம். அதில் மணி தெரியாது. ஆள் தூங்குகிறாரா இல்லையா என்பது மட்டும் அதற்குத் தெரியும். அது போடி ஆபீசில் உள்ள கம்ப்யூட்டருக்கு எட்டும். படுத்து இருபது நிமிசத்தில் தூங்காவிட்டால் கடிகாரம் கையில் அதிரும்.

"எதுக்கு டீச்சரம்மா அதிருது?"

"நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கு மென்மையாக உணர்த்தத்தான்."

"அது எனக்குத் தெரியுமே தாயி."

"தெரிவது வேறு. உணர்வது வேறு."

கடிகாரம் மூன்று தரம் அதிர்ந்தால் போன் வரும். முதல் நாளே வந்தது. மணி ஒன்றரை. மாயக்காளுக்கு அப்போதுதான் சூடு இறங்கி இமை ஒட்டப் பார்த்தது. எடுத்து, "அலோ," என்றாள். பதிவு செய்த பெண் குரல் ஒன்று கனிவாகப் பேசியது. "வணக்கம். நீங்கள் தூங்குகிறீர்கள் என்றால் எண் ஒன்றை அழுத்தவும். விழித்திருக்கிறீர்கள் என்றால் எண் இரண்டை அழுத்தவும்."

மாயக்காள் யோசித்து இரண்டை அழுத்தினாள்.

"நன்றி. இப்போது நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்கப்படும்."

மறுநாளிலிருந்து அவள் ஒன்றை அழுத்திப் பார்த்தாள். "தாங்கள் தூங்கும்போது பொத்தானை அழுத்தியது ஏன் என்பதை விளக்க எண் மூன்றை அழுத்தவும்," என்றது குரல்.

முன்னெல்லாம் விடியக்காலம் இரண்டு மணி நேரமாவது கண்ணசருவாள். கடிகாரம் வந்த பிறகு அதுவும் போயிற்று. பத்தாம் நாள் தோட்டத்தில், நல்ல வெயில் நேரம், சரத்துக்குக் கையை நீட்டினவள் அப்படியே தலை தொங்கிச் சரிந்தாள். வாளி முதலில் உருண்டது. பின்னாலேயே அவள். எட்டடிக்குக் கீழே ஒரு மரத்தின் வேரில் தட்டி நின்றாள். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மேலே தூக்கிவந்து படுக்க வைத்த இருபதாவது நிமிசம் கையில் கடிகாரம் அதிர்ந்தது. அவள் படுத்திருக்கிறாள், ஆனால் தூங்கவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

கங்காணி வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "சேச்சி, ஒரு வாரம் வீட்ல இரு," என்றார். "ஒறங்கி எந்திரிச்சு வா. இல்லாட்டி வேற ஆளப் போடுவாங்க. எங்கையில இல்ல."

அன்று ராத்திரி திருப்பதி வழக்கம்போல எட்டரைக்குப் படுத்து எட்டு முப்பத்திரண்டுக்குக் கியரை மாற்றினார். மாயக்காள் முழங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட வரவில்லை. கடிகாரத்தைக் கழற்றினாள். அவருடைய கனத்த மணிக்கட்டைத் தூக்கி அதைக் கட்டினாள். அவர் அசையவில்லை. காலையில் அவர் எழும் முன்னால் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சூடும் குறட்டையும் இருக்கத்தான் செய்தன. ஆனால் 'தூங்குகிறாயா' என்று கேட்க ஆளில்லாமல் போனதே பெரிய ஆறுதலாக இருந்தது. விடியக்காலத்து இரண்டு மணி நேரம் திரும்பி வந்தது. வாரம் முடிந்து ஜீப்பிலும் ஏறினாள்.

ஆறாம் வாரம் சுசித்ரா கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எட்டு மணி நாற்பது நிமிடம்! அதுவும் ஆழ்ந்த உறக்கம்! நடுவே ஒரு தரம்கூட விழிப்பு இல்லை. எப்படிம்மா?"

"டீச்சரம்மா, அது வந்து..."

"சொல்ல வேண்டாம். அனுபவத்துக்கு வார்த்தை கிடையாது."

செய்தி யோகராஜுக்குப் போனது. சென்னைக்குப் போனது. மற்ற பத்தொன்பது பேரும் முன்னைவிடக் குறைவாகத்தான் தூங்கினார்கள். ஆனால் பதினேழைச் சேர்த்துச் சராசரி போட்டபோது திட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எட்டாம் வாரம் நிறைவு விழாவுக்கு நிதிக்குழுத் தலைவர் ராஜாராம் நேரில் வருவதாகத் தாக்கல் வந்தது. மாயக்காளின் படத்தை வாசலில் ஆளுயரத்துக்கு அடித்து நிறுத்தினார்கள். கண் மூடிய படம் வேண்டும் என்று கேட்டு எடுத்தது. அதில்கூட அவள் இமை சுருங்கியிருந்தது.

விழாவில் யோகராஜ் ஒரு மணி நேரம் பேசினார். "ஒரு பெண்மணி. படிப்பில்லை. வசதியில்லை. மலையேறிப் பிழைக்கிறார். அவருக்கு நாங்கள் மருந்து தரவில்லை. மெத்தை தரவில்லை. அவருடைய வாழ்க்கையில் எந்த ஒரு சிறு மாற்றமும் செய்யவில்லை. எதுவுமே செய்யாமல் இந்த வெற்றியைச் சாதித்திருக்கிறோம்!"

ராஜாராம் எழுந்து திட்டத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டிப்பதாக அறிவித்தார். மாலை போட்டார்கள். பிறகு மாயக்காளிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

முன்வரிசையில் திருப்பதி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் ஜக்கம்மாள், இரும்பு நாற்காலியிலேயே. தன்னைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் கையில் இந்தக் கடிகாரத்தைக் கட்டுவார்களோ என்று மாயக்காளுக்கு நினைப்பு வந்தது.

"அய்யா, மன்னிக்கணும்," என்றாள். "அது என் தூக்கம் இல்ல. என் வீட்டுக்காரர் தூக்கம். நான் இன்னைக்கும் தூங்கல."

யோகராஜ் மெல்ல எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீர்களா? 'என் தூக்கம் என்னுடையது இல்லை' என்கிறார். நான், எனது என்ற எண்ணம் அற்றுப்போன நிலை இது. முப்பது வருடம் தியானம் செய்தவர்களுக்கும் கைகூடாதது. எட்டே வாரத்தில்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மாயக்காள் மைக்கை வைத்துக்கொண்டு, "இல்லங்கய்யா, நெசமாவே..." என்றாள். மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். சுசித்ரா மட்டும் கை தட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜாராமுக்கு ஆர்வம் கூடிவிட்டது. முன்மாதிரிப் பயனாளியின் உறக்கச் சூழலை நேரில் கண்டு கோப்பில் சேர்க்க வேண்டும் என்றார். அன்று இரவு எட்டே முக்காலுக்கு அவரும் யோகராஜும் சுசித்ராவும் சிலமலைக்கு வந்து இறங்கினார்கள். ராஜாராம் கையில் நிறுவனத்தின் தட்டைக் கம்ப்யூட்டர் இருந்தது. வாசலிலேயே நின்று அதைப் பார்த்து, "ஆகா, பயனாளி ஏற்கெனவே ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கிறார். சத்தம் போடாதீர்கள்," என்று கிசுகிசுத்தார்.

மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் உள்ளே நுழைந்தார்கள். மாயக்காள் அடுப்படியில் தோசைச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், வாங்க டீச்சரம்மா. காப்பி போடவா?" என்றாள்.

ராஜாராம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். அறைக்குள்ளிருந்து ஜீப்பு ஒன்று மேட்டில் ஏறியது. மூவரும் எட்டிப் பார்த்தார்கள். திருப்பதி வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தார். மணிக்கட்டில் கடிகாரம் பச்சையாக மினுங்கியது.

"மேடையிலயே சொன்னேன் சார்," என்றாள் மாயக்காள்.

யோகராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. அவருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது வரை ஏறியது போலிருந்தது. மாயக்காள் இரக்கப்பட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எழுப்பி... கழற்றச் சொல்லட்டுமா சார்?" என்றார் யோகராஜ்.

"தொடாதீர்கள்!" என்றார் ராஜாராம். "தரவு கெடும்." அவர் முப்பத்து மூன்று வருடம் கோப்பு பார்த்தவர். "நீட்டிப்பு அறிவித்தாகிவிட்டது. அறிக்கை போய்விட்டது. அறிக்கையில் பதினேழு தூங்குகிறார். இங்கே யார் தூங்குகிறாரோ அவர்தான் பதினேழு. இதில் குழப்பத்துக்கு என்ன இடம்? பயனாளிக்காகத் திட்டத்தை மாற்ற முடியாது. திட்டத்துக்குத் தகுந்த பயனாளி கிடைத்தால் அவரை விடவும் கூடாது."

"ஆனால் சார், திட்டம் மாதவிடாய் நின்ற மகளிருக்கு..."

"இவருக்கு மாதவிடாய் வருகிறதா?"

"இல்லை சார்."

"பிறகென்ன?"

யோகராஜ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அடுத்த இரண்டு வருடத் தொடர் கண்காணிப்புக்கும் பதினேழாம் பயனாளி ஞாயிறுதோறும் தவறாமல் வர வேண்டும், வராவிட்டால் முடிவுகள் விழுந்துவிடும் என்று மாயக்காளிடம் ஏறக்குறையக் கெஞ்சினார். அவர்கள் இருவரும் காருக்குப் போன பிறகும் சுசித்ரா அடுப்படி நிலையில் நின்றாள்.

"அம்மா, நான் இந்த வேலைக்கு வந்து ஏழு மாசமா மாத்திரை போட்டுத்தான் தூங்குறேன்," என்றாள். முதல் தடவையாக அவள் குரல் சாதாரணக் குரலாக இருந்தது. "நெசமாச் சொல்லுங்க. நீங்க எப்பத்தான் தூங்குவீங்க? என்ன இருந்தாத் தூங்குவீங்க?"

எட்டு வாரத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. நாற்பத்திரண்டு கேள்விகளிலும் அது இல்லை. மாயக்காள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தச் சூடு வந்தா வரட்டும் தாயி. அது அரமணி நேரத்துல எறங்கிரும். எறங்குன நேரம் பாத்து ஒருத்தரும் என்னக் கூப்பிடாம இருக்கணும். ராத்திரி இந்தச் சத்தம். பகல்ல லீவு நாள்னா, 'தண்ணி கொண்டா, துண்டு எங்க, வெரசா வா'ன்னு இந்த மனுசன். தப்பாச் சொல்லல, பாவம், அவருக்கு அப்படியே பழகிருச்சு. அரநாளு வீடு காலியா இருந்தா, கதவச் சாத்திட்டுப் படுத்தா..." நிறுத்தினாள். யோகராஜ் சொன்னது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது.

"டீச்சரம்மா, ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு அவர அனுப்பணும்?"

"ஒம்பதுக்கு அம்மா."

"எட்டுக்கே வண்டி அனுப்ப முடியுமா?"

"அனுப்புறேன்."

"ஒரு மணிக்கே விட்ற வேணாம். சாயங்காலம் வரைக்கும் ஏதாச்சும் சொல்லிக் குடுங்க."

சுசித்ரா சிரித்தேவிட்டாள். "நாலரை வரைக்கும் தியானம் நீட்டிக்கப்பட்டுள்ளதுன்னு எழுதிடுறேன்."

திருப்பதி முதலில் வீம்பு பண்ணினார். பொம்பளைகள் நடுவில் என்னத்துக்குப் போவது என்றார். கார் அனுப்புவார்கள், கோழிக் குழம்போடு சாப்பாடு, வேலை தூங்குவதுதான் என்று மாயக்காள் எடுத்துச் சொன்னாள். "தூங்குறதுக்கா கார் அனுப்புறாங்க?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் போனார். படிவம் நிரப்புகிற உதவியாளர் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார். "மாதவிடாய் நின்று எத்தனை வருடம் ஆகிறது?"

"எனக்குத் தெரிஞ்சு வந்ததே இல்ல சார்," என்றார் திருப்பதி.

உதவியாளர், 'நினைவில் இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

ஏலக்காயைக் கையில் வைத்து வேறு கிரகத்திலிருந்து வந்தவரைப் போலப் பார்க்கச் சொன்னார்கள். திருப்பதி சோளக்காட்டுக்காரர். காயை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டு மென்றார். 'வியப்புணர்வு உண்டு' என்று பதிவாயிற்று. உடல் உணர்தலில் இடது கால் பெருவிரலிலேயே தூங்கிப்போனார். பதினேழுக்கு மட்டும் தூங்க அனுமதி உண்டு என்று புதிய சுற்றறிக்கை வந்திருந்தது. யோகராஜ் கண்ணாடிக் கதவு வழியாக அவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏங்கின முகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சிலமலையில் மாயக்காள் போனை அணைத்துப் பானைக்குப் பின்னால் வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். இது தெரிந்து ஜக்கம்மாளும் ஒப்பீட்டுக் குழுவுக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு தலையணையோடு வந்திருந்தாள். இருவரும் பழைய மனத்தாங்கலைப் பற்றிப் பேசவில்லை. ஆளுக்கொரு பாயை விரித்தார்கள். பத்து மணி வாக்கில் மாயக்காளுக்குச் சூடு வந்தது. எழுந்து உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அது இறங்கும் வரை காத்திருந்தாள். இறங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஜக்கம்மாள்தான் நாலு மணிக்கு எழுப்பினாள். மாயக்காள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தாள். அதை யாரும் எங்கேயும் பதியவில்லை.